ஆசான் இறங்கி அமரும் இடம்

துணைவேந்தர் பதவி வகித்த ஒருவர் பள்ளிச் சிறுவர்களின் பாடத்திற்காக உழைக்க முன்வருவாராயின், அது ஏற்றமா, இறக்கமா?

நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 1998 வரை துணைவேந்தராயிருந்த வசந்தி தேவி அம்மையார், பின்னாளில் மதுரையிலுள்ள மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நிறுவனத்தின் கல்வி 1997-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் சென்றது. உலகோர் கண்ணில் இஃது இறக்கமாகத் தோன்றலாம். பௌத்தர்களாகிய நமக்கு அவ்வாறு தோன்றலாகாது. சாக்கிய இளவரசர்கள் சங்கத்தில் சேர வந்தபோது, நாவிதராகிய உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு பகவனை வேண்டினர். தம் குலச்செருக்கு ஒழிய, அவரைத் தாம் முதலில் வணங்கவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

ஆயினும் இறங்கி வருதல் மட்டும் போதாது. கணக்குக் கற்ற பிள்ளை கடைக்காரனைக் கேள்வி கேட்கும். உரிமை கற்ற பிள்ளை முதலில் கேட்பது எதிரில் நிற்கும் ஆசிரியரையே. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவைக் கற்பித்தவர், பள்ளிக் கழிவறையைக் கழுவ யாரை அனுப்புகிறீர் என்ற வினாவுக்கும் விடை கூறவேண்டும். முப்பதாண்டு அனுபவம் உடையவர்க்கு இதுவே கடினம். ஆசிரியரின் அனுபவத்தில் பாதி, பிள்ளைகளை அடக்கிப் பழகியதுதானே!

அயலாரைச் சொல்வானேன்? முலுண்டில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் தம்ம வகுப்பில், காலாமர்க்குப் பகவன் உரைத்ததை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆசான் சொன்னார் என்பதற்காக மட்டும் எதனையும் ஏற்கலாகாது என்றேன். ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகள் மட்டும் ஏன் பெருக்கவேண்டும்?" என்றாள்.

"பேசாதே, உட்கார்" என்றேன். மில்லில் மேஸ்திரி எனக்குச் சொன்ன அதே "பேசாதே". மானிடர் யாவரும் சமம் என்பது 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள் ஒன்று. அதனை வாரந்தோறும் அப்பிள்ளைகளைச் சொல்லச் செய்தவனும் நானே.

மறு ஞாயிறு அச்சிறுமியிடம் பிழை பொறுக்கச் சொல்லி, துடைப்பத்தை நான் எடுத்தேன். பையன்களையும் உடன் பெருக்கச் சொன்னேன். மறுநாள் ஒருவனுடைய தகப்பனார் தேடிவந்தார். "தலைமுறை தலைமுறையாய் ஊரைப் பெருக்கினோம். அது ஒழியட்டும் என்றுதானே இம்மார்க்கத்திற்கு வந்தோம்? என் மகன் கையில் மறுபடியும் துடைப்பமா?" என்றார்.

அவர் சொல்லில் உள்ள வேதனை உண்மையானது. நான் உடனே விடை கூறவில்லை. அவருடைய மகளும் இரண்டாண்டாக அதே வகுப்பில்தான் பெருக்கிவந்தாள்.