கேட்ட அன்றே கொடுப்பது

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. தகுதியுள்ள மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் இவையெல்லாம் மாதக் கணக்கில் வரும் பணம். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கொத்தனாரின் மகனுக்குப் பணம் வேண்டியிருப்பது அன்றைக்கு.

அவன் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறான், அல்லது சித்தாள் வேலைக்கு. இரண்டு வாரம் என்று போனது ஆறு வாரமாகிறது. வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது. ஃபிட்டர் ஆவதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. பாதியில் நின்றவன் கையில் சான்றிதழும் இல்லை, தொழிலும் முழுதாக இல்லை. கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால், அங்கே நிற்பவர் கந்துவட்டிக்காரர். அவரைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் எந்தச் சான்றும் கேட்காமல் பொழுது சாய்வதற்குள் பணம் தருபவர் இன்றும் அவர்தான்.

ஆகவே பயிற்சி நிலையத்திலேயே ஓர் அவசர நிதி வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது: விசாரிக்காமல் கொடுப்பது அறமா?

கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிதி ஊரார் பணம். பொய் சொன்னவனுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் உண்மையாகவே தவிக்கிற இன்னொருவனிடமிருந்து போகிறது. கொடுப்பவருக்கு இளகிய மனம் இருந்தால் போதாது, கணக்குச் சொல்லும் கடமையும் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் வருமானச் சான்று, வி.ஏ.ஓ. கையெழுத்து, இ-சேவை மைய வரிசை என்று அலையும் நாட்களில் அந்த மாணவன் வகுப்பில் இல்லை. எதைத் தடுக்க நிதி வைத்தோமோ, அதையே விசாரணை செய்து முடித்துவிடுகிறது. ஏமாந்தால் போவது 2,000 அல்லது 3,000 ரூபாய். சந்தேகப்பட்டு மறுத்தால் போவது ஒருவனின் தொழில். இந்த இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது.

அதோடு, விசாரணை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டறையில் தினமும் அவனோடு நிற்கும் பயிற்சி அலுவலருக்கு யார் வீட்டில் என்ன என்பது தெரியும். அவர் சொல்லைச் சான்றாக ஏற்கலாம். அவருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் வரலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக இன்னொரு அலுவலரும் கையெழுத்திடட்டும். செலவைப் பிறகு தணிக்கை செய்யட்டும். பணம் மட்டும் காத்திருக்கக் கூடாது.

மதிப்பெண் பார்த்துக் கொடுப்பதும் தவறு. வீட்டில் அடுப்பு எரியாத வாரத்தில் யாருடைய மதிப்பெண்ணும் குறையும். அட்டைக் காசோலையோடு மாணவனை நிறுத்திப் படம் எடுப்பது அதைவிடக் கொடிது. பதினேழு வயதுக்காரன் அந்தப் படத்துக்குப் பயந்தே கேட்காமல் போய்விடுவான்.

ஐ.டி.ஐ.யில் படித்து இன்று ஆலைகளிலும் சொந்தப் பட்டறைகளிலும் நிலைத்துவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். தாங்கள் படித்த நிலையத்தில் இப்படி ஒரு நிதியைத் தொடங்க அவர்கள் முன்வர வேண்டும். கேட்ட அன்றே அதிலிருந்து பணம் கொடுக்கும் அதிகாரத்தை அரசு அந்தந்த நிலைய முதல்வருக்கு வழங்க வேண்டும்.