விருந்தினனின் கைத்தட்டல்

தன் நாட்டு அணி ஆடும் ஆட்டத்தைக் காண்பதற்காக ஒருவன் எல்லை கடந்து செல்கிறான். சேமித்த பணத்தைச் செலவிட்டு, விடுப்பும் எடுத்துக்கொண்டு, கையில் கொடியோடு அயலார் அரங்கில் அமர்கிறான். தன் அணி வெல்ல வேண்டும் என்பதே அவனுடைய வேட்கை. அவ்வேளையில் எதிரணி வீரன் ஒருவன் அரியதோர் ஆட்டத்தை ஆடிக் காட்டினால் அவன் கைதட்ட வேண்டுமா? தட்டினால் நாட்டுப்பற்றுக்கு இழுக்காகுமா? தட்டாமல் இருந்தால் நேர்மைக்கு இழுக்காகுமா? பார்வைக்குச் சிறிய வினாதான். ஆயினும், பற்றும் நடுவுநிலைமையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழ இயலுமா என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானுக்குச் சென்றது. 1989ஆம் ஆண்டிற்குப் பின்னர் முழுமையான ஒரு தொடருக்காக அவ்வணி அங்குச் சென்றது அதுவே முதன்முறை. இடைப்பட்ட காலத்தில் 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரும் நிகழ்ந்திருந்தது. இருந்தும் ஆயிரக்கணக்கான இந்தியப் பார்வையாளர்கள் விசா பெற்று லாகூருக்குச் சென்றனர். அஞ்சிச் சென்றவர்களுக்கு அங்கே வியப்பு காத்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும் கடைக்காரர்கள் பணம் வாங்க மறுத்தனர். வண்டியோட்டிகள் கூலி வேண்டா என்றனர். கராச்சியில் நடந்த முதல் ஒருநாள் ஆட்டத்தில் இந்தியா 349 ஓட்டங்களையும் பாகிஸ்தான் 344 ஓட்டங்களையும் எடுத்தன. கடைசிப் பந்து வரையில் நெஞ்சம் துடித்து, ஐந்தே ஓட்டங்களில் தோல்வியைக் கண்ட அந்நகர மக்கள், வென்ற அணியைக் கைதட்டி வாழ்த்தினர்.

இப்பண்பு ஒரு நாட்டாருக்கே உரியதன்று. 1999ஆம் ஆண்டு சனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. 136 ஓட்டங்கள் எடுத்துப் போராடிய டெண்டுல்கர் ஆட்டமிழந்த துயரம் நெஞ்சில் கனத்த நிலையிலும், அரங்கில் இருந்தோர் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களைப் பாராட்டினர். ஆனால், 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், தோல்வி நெருங்குவது கண்டு கொல்கத்தா அரங்கினர் புட்டிகளை எறிந்து தீ மூட்டியதையும் நாம் மறைத்தல் ஆகாது. அன்று ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. பற்று என்னும் ஒரே வித்து நறுங்கனியும் தரும், நச்சுக்காயும் தரும்.

அவ்வாறாயின் பற்றையே விட்டுவிடலாமே, விளையாட்டுத்தானே என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. எவர் வென்றாலும் கவலை இல்லாதவன் எதிரணியைப் பாராட்டுவதில் அருமை யாது? அவன் எதையும் இழக்கவில்லை. இழப்பில்லாத இடத்தில் நடுவுநிலைமை சோதிக்கப்படுவதும் இல்லை. தன் அணிக்காக உள்ளம் உருகியவன், அவ்வணியைத் தோற்கடித்தவனுக்காகக் கைதட்டும்போதுதான் அக்கைத்தட்டல் அறமாகிறது.

வள்ளுவப் பெருந்தகை வகுத்த முறைவைப்பு இங்கு எண்ணத்தக்கது. நடுவு நிலைமையை அவர் அரசியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் ஆகிய மூன்றனையும் அடுத்தே அது வருகிறது. நன்றி செய்தாரை நினைக்கும்பொழுது நடுவுநிலைமை சிதையக்கூடும். ஆங்கும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் விளக்கம் கூறுகிறார். அன்பும் நன்றியும் இல்லாதவனுக்கு அன்று, அவை நிரம்பியவனுக்கே நடுவுநிலைமை கற்பிக்கப்படுகிறது.

லாகூருக்குச் சென்றவனின் நிலையும் இதுவே. அவனுக்கு இரண்டு கடன்கள் உண்டு. தன்னை வளர்த்த நாட்டின்பால் ஒன்று. தனக்குச் சோறிட்டுக் காசு வாங்க மறுத்த ஊரின்பால் மற்றொன்று. இரண்டாவது கடனுக்காகத் தன் அணி தோற்க வேண்டுமென அவன் விரும்ப வேண்டுவதில்லை. முதற்கடனுக்காக எதிரணியின் திறமையைத் திறமையன்று எனச் சொல்லவும் வேண்டுவதில்லை. வெற்றியை விரும்புவது பற்று. கண்டதைக் கண்டவாறு ஒப்புவது நேர்மை. இவை ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழும். அந்த நல்லுறவு நிலைத்ததா? 2008ஆம் ஆண்டு நடந்த ஆசியக் கோப்பைக்குப் பின்னர் இந்திய அணி பாகிஸ்தானில் ஆடியதில்லை. 2025ஆம் ஆண்டு பாகிஸ்தான் ஏற்று நடத்திய சாம்பியன்ஸ் கோப்பையிலும் இந்தியாவின் ஆட்டங்கள் துபாயில்தான் நடைபெற்றன. அரசுகளின் பகையைக் கைத்தட்டலால் தீர்க்க முடியவில்லை என்பது உண்மையே. எனினும், தீர்ப்பதாக அது வாக்களிக்கவும் இல்லை. பெற்ற விருந்துக்கு நன்றி சொல்பவன், அதனால் போர் நிற்கும் என்று எண்ணிச் சொல்வதில்லை. சொல்லத் தக்கது என்பதனால் சொல்கிறான். பயன் நீடிக்கவில்லை என்பதால் செய்த நற்செயல் பொய்யாகிவிடாது.

நம் மாணவர்களும் பிற பள்ளிகளின் திடல்களுக்குச் சென்று ஆடி வருகின்றனர். திரும்பி வருவோரிடம் "வென்றீர்களா?" என்று கேட்பது நம் வழக்கம். அதனைக் கேட்க வேண்டா என்று நான் சொல்லேன். ஆனால், "அவர்களுள் யார் நன்றாக ஆடினார்?" என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேட்போமாக. அதற்கு விடை கூற இயலாத மாணவன், வென்று வந்திருப்பினும் ஆட்டத்தைப் பாதியே பார்த்தவன் ஆவான்.