கொடுத்தவர் வீடு திரும்பிய பின்

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து இடைத்தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய கொடுமை 2025 ஜூலையில் வெளியே வந்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு நிறுத்தியது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தரகர் யார், கைமாறிய தொகை எவ்வளவு என்று ஊரெல்லாம் பேசியது. அறுத்த வயிற்றோடு வீட்டில் கிடந்தவர்களுக்கு யார் கஞ்சி வைத்தார்கள், எத்தனையாவது நாளில் அவர்கள் மறுபடி தறியில் நின்றார்கள் என்ற பேச்சு அதிகம் எழவில்லை. நெஞ்சை உறுத்துவது அதுதான்.

முன்பின் தெரியாதவருக்கு ஒருவர் தம் உறுப்பைக் கொடுத்தால், அவர் உடல் தேறும் வரை அவருடைய சோறும் கூலியும் மருந்தும் ஊரின் கடன். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

கடலூர் மாவட்டம் குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போய்வரும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இப்படிச் சிறுநீரகம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை என்றால் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தைக்கூட. இருமினால் தையல் சுண்டி இழுக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம் மெல்லப் பருத்து, இரண்டின் வேலையில் பெரும்பங்கைத் தானே ஏற்கும். அதற்கு அவகாசம் வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல சிறுநீரகத்துக்குப் பகை. ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை ஆண்டுதோறும், ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் கூலி இல்லாத வீட்டில், வட்டிக்காரர் வாசலில் நிற்கையில், அவர் எப்படிச் செய்வார்?

மத்திய அரசு ஊழியர் உறுப்புக் கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023இல் ஆணை வந்தது. நல்ல ஆணை. முந்திரிக்கொட்டை உடைப்பவருக்கும் கடலை பிடுங்குபவருக்கும் உள்ள உடம்பு வேறா?

கேரளத்தில் பாதிரியார் டேவிஸ் சிரமேல் 2009இலும் ஆயர் ஜேக்கப் முரிக்கன் 2016இலும் வேற்று மதத்தவருக்குச் சிறுநீரகம் ஈந்தார்கள். வணங்கத்தக்க கொடை. அவர்கள் தேறி எழும் வரை தாங்கிப் பிடிக்கத் திருச்சபை இருந்தது. தாங்க ஆள் இல்லாதவர்களின் கதை வேறு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் சந்தித்த ஆய்வில், 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. கடனை அடைக்க விற்றவர்களே பெரும்பாலோர். நான்கில் மூவருக்குக் கடன் தீரவே இல்லை. அவர்கள் விற்றவர்கள், கொடுத்தவர்கள் அல்லர் என்று தள்ளிவிட முடியாது. கவனிப்பாரற்ற உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நம் முன்னோர் கொடுத்தவரைப் பாதி வழியில் விட்டதில்லை. புறாவுக்காகத் தசையை அரிந்த சிபிக்கு உடல் மீண்டது. கண்ணைப் பெயர்த்து அப்பிய திண்ணனார் அடுத்த கண்ணில் அம்பை வைத்தபோது, பெற்றுக்கொண்ட இறைவனே கையைப் பிடித்துத் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். கவசத்தை ஏமாற்றி வாங்கிய இந்திரன்கூடக் கர்ணனுக்கு வேல் ஒன்று கொடுத்துவிட்டே போனான். காட்டிலிருந்த மன்னன் குமணன், தன் தலையைக் கொய்து பரிசு பெறுமாறு புலவர் பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டினான். புலவர் தலையைத் தொடவில்லை. வாளைத் தம்பி இளங்குமணனிடம் கொண்டுபோய்க் காட்டிப் பாடினார். அன்புடையார் எலும்பையும் பிறர்க்காக்குவர் என்ற வள்ளுவர், பெற்ற உதவியை மறப்பவருக்கு உய்வே இல்லை என்றும் தனி அதிகாரம் வகுத்து எச்சரித்தார். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவர் யார், எவர் என்று அங்கே கேட்பதில்லை. யாரோ ஒருவருக்கு உயிர் கொடுத்தவர் பசித்துக் கிடக்க அந்த மண் சம்மதிக்குமா?

உதவி என்று தொடங்கினால் விலையாக முடியும் என்று அஞ்சுவோர் உண்டு. பள்ளிபாளையத்தைப் பார்த்த பின் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமே கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. உறுப்புக்கு விலை கொடுப்பது குற்றம். 2011 திருத்தத்துக்குப் பின் பத்தாண்டு வரை சிறை. கொடுத்ததால் நேர்ந்த செலவையும் இழந்த வருமானத்தையும் ஈடு செய்வதோ விலை ஆகாது என்று அதே சட்டம் விலக்குகிறது. கதவு திறந்தே இருக்கிறது. நாம்தான் உள்ளே போகவில்லை.

நெருங்கிய உறவல்லாதவர் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழு இருவரையும் அழைத்து விசாரிக்கிறது. பணம் கைமாறியதா, பாசம் உண்மையா என்று துருவுகிறது. துருவட்டும். அதே மேசையில் இன்னும் சில கேள்விகளையும் கேட்கட்டும்: ஆறு வாரம் உங்கள் வீட்டில் யார் சமைப்பார்? கூலியை யார் தருவார்? அடுத்த ஆண்டு ரத்தம் சோதிக்க எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள், பேருந்துச் செலவு யாருடையது? இவற்றுக்கு அரசின் பொறுப்பில் பதில் எழுதப்படாத விண்ணப்பத்தில் எந்தக் குழுவும் கையெழுத்திடக் கூடாது.