புதுநன்மைக்கு வருகிறார்கள், பூசைக்கு வருவதில்லை

1979 செப்டம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளினுக்கு வந்தபோது, ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அன்று அயர்லாந்தின் மக்கள்தொகையே சுமார் 34 லட்சம்தான். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் அதே பூங்காவில் திருப்பலி நிறைவேற்றினார். வந்தவர்கள் மூன்று லட்சம் என்றது வத்திக்கான். மற்றவர்கள் அதில் பாதிதான் என்றார்கள். அன்று மழை பெய்தது உண்மைதான். ஆனால் கூட்டத்தைக் குறைத்தது மழை மட்டும் இல்லை.

1970களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாரந்தவறாமல் பூசை கண்டார்கள். சென்னையில் 1842இல் வந்திறங்கிப் பள்ளி நடத்திய பிரசன்டேஷன் கன்னியர் அந்த நாட்டிலிருந்து வந்தவர்களே. இப்போது அங்குள்ள பங்குகளில் சிலவற்றை இந்தியக் குருக்கள் கவனித்துக்கொள்கிறார்கள். டப்ளினின் சில பங்குகளில் ஞாயிறு பூசைக்கு வருவோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்று அந்நகரப் பேராயராக இருந்த டயர்முயிட் மார்ட்டினே வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தச் சரிவுக்குத் தொலைக்காட்சி, பணவரவு, பட்டணத்து வாழ்க்கை என்று காரணம் அடுக்குவது வழக்கம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் 2009இல் வெளியான இரண்டு விசாரணை அறிக்கைகளைப் படித்த எவரும் அதோடு நிறுத்த மாட்டார்கள். துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பட்ட அடியையும் பாலியல் கொடுமையையும் ரயன் அறிக்கை பதிவு செய்தது. டப்ளின் மறைமாவட்டம் குற்றம் செய்த குருக்களை மறைத்துக் காத்ததை மர்ஃபி அறிக்கை அம்பலப்படுத்தியது. ஊரார் நம்பி மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்த இடத்தில் பொய் குடியிருந்திருக்கிறது. கடவுளை விட்டுப் போனவர்களைக் காட்டிலும், இந்தப் பொய்யைப் பொறுக்காமல் வெளியேறியவர்களே அதிகம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

வராதவர்களைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளவை. இடம் போதாத பள்ளிகள் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று சட்டமே அனுமதித்தது. ஆகவே நம்பிக்கையற்ற பெற்றோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். கையில் கிடைத்த சான்றிதழ் நேரே பள்ளிக்குப் போனது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, கத்தோலிக்கப் பள்ளிகளில் அந்த முன்னுரிமை நீங்கியது. நீங்கியதில் திருச்சபைக்கு இழப்பு ஏதும் இல்லை. திருவருட்சாதனம் ஒன்று பள்ளி விண்ணப்பத்தோடு இணைக்கும் தாளாக இருந்ததே பெரிய இழப்பு.

ஆனால் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை அப்படியே தொடர்கிறது. இரண்டாம் வகுப்பில் ஆசிரியைதான் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். மே மாதத்தில் வெள்ளை கவுன், முக்காடு, முடி அலங்காரம், தோட்டத்தில் காற்றடைத்த குதிக்கும் கோட்டை, வாழ்த்து அட்டைக்குள் உறவினர் வைத்துத் தரும் யூரோ நோட்டு என்று வீடு அமர்க்களப்படுகிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகளில் பலரைப் பீடத்தின் பக்கம் காண முடிவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் யாரும் ஜெபிக்காதபோது, நற்கருணை அதற்கு ஒரு நாள் விருந்தாகவே படும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. 2011 பிப்ரவரியில் டப்ளின் பேராலயத்தில் பேராயர் மார்ட்டினும் பாஸ்டன் கர்தினால் ஷான் ஓமாலியும் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தார்கள். பிறகு, கொடுமைக்கு ஆளானவர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார்கள். வழிபாட்டின் நடுவே பாதிக்கப்பட்டவர்கள் எழுந்து பேசினார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தத் திருச்சபை செய்தவற்றில், கூட்டம் சேர்க்கும் நோக்கம் துளியும் இல்லாத செயல் அது. அதனாலேயே மனத்தைத் தொடுகிறது.

புதுநன்மைத் தயாரிப்பைப் பள்ளியிடமிருந்து பங்குகளே ஏற்க வேண்டும் என்ற யோசனை டப்ளின் மறைமாவட்டத்திலேயே எழுந்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால், பிள்ளையை அனுப்ப விரும்பும் பெற்றோர் தாங்களே கேட்டுப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். மே மாதக் கூட்டம் பாதியாகக் குறையலாம். ஆயர்கள் அதற்கு அஞ்சிப் பின்வாங்கக் கூடாது.