வ்யாஜமாகச் சென்ற யாத்திரை

பாரத யுத்தம் மூளப் போகிறது என்று கேள்வியுற்ற பலராமன், இரு தரப்பிலும் சேராமல், தீர்த்த யாத்திரை புறப்பட்டான் என்று ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தம் கூறுகிறது. அவ்விடத்தில் சுக மஹரிஷி அருளிய சொல் ஒன்று சிந்திக்கத் தக்கது. தீர்த்தமாடுவதை ‘வ்யாஜமாக’க் கொண்டு அவன் சென்றான் என்கிறார். வ்யாஜம் என்பது சாக்கு. ஆதிசேஷனின் அவதாரமான நம்பி மூத்தபிரானைப் பற்றி இச்சொல்லைச் சொல்ல மஹரிஷி தயங்கவில்லை.

அவனுடைய தர்மசங்கடம் எளிதன்று. பாண்டவர்கள் அத்தை மக்கள். துர்யோதனனோ கதாயுத்தம் பயின்ற சிஷ்யன், அதற்கு மேல் ஸம்பந்தியும் ஆவான். ஒருவர் பக்கம் நின்றால் மற்றவருக்குத் துரோகம். நடுவில் நின்றால் கேட்பார் இல்லை. ஆகவே ப்ரபாஸ தீர்த்தத்தில் நீராடி, ஸரஸ்வதி நதியை எதிர்த்துச் செல்லும் வழியே நடந்தான்.

இக்காலத்திலும் இத்தகைய சங்கடங்கள் இல்லாமல் இல்லை. தகப்பனார் விட்டுப்போன வீட்டுக்காகப் பேச்சு வார்த்தை அற்று நிற்கும் சகோதரர் இருவர். அவ்விருவரும் மதிக்கும் பெரியப்பா ஒருவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்கவும் கூடும். பேசி முடிக்க நாள் குறித்த வாரத்தில் அவர் வடநாட்டு யாத்திரைப் பேருந்தில் இடம் பதிவு செய்துவிடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவரைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பத்ரிக்குப் போகிறேன் என்பவரைத் தடுக்க யாரால் இயலும்? யாத்திரை என்னும் சாக்கிற்கு உள்ள வலிமையே அதுதான். வேறு எந்தச் சாக்கைச் சொன்னாலும் உலகம் பழிக்கும். இதைச் சொன்னால் காலில் விழுந்து வழியனுப்பும்.

வ்யாஜமாகப் புறப்பட்டவனுக்கு வழியில் என்ன நேர்ந்தது என்பதைப் பாகவதம் மறைக்கவில்லை. பலராமன் யமுனை, கங்கை ஆகியவற்றின் தீர்த்தங்களில் ஆடி நைமிசாரண்யத்தை அடைந்தான். அங்கே முனிவர்கள் நெடிய ஸத்ர யாகத்தில் அமர்ந்திருந்தனர். அனைவரும் எழுந்து வணங்கினர். உயர்ந்த ஆசனத்தில் புராணம் சொல்ல அமர்ந்திருந்த ரோமஹர்ஷணர் மட்டும் எழவில்லை. பலராமனுக்குச் சினம் மூண்டது. கையிலிருந்த தர்ப்பையின் நுனியாலேயே அவரைக் கொன்றான். முனிவர்கள் ‘ஹா, ஹா’ என்று அலறினார்கள். அந்த ஆசனத்தை அவருக்கு அளித்தவர்கள் அவர்களே; யாகம் முடியும் வரை ஆயுளையும் அளித்திருந்தார்கள். எழாமைக்கு ஒரு காரணம் இருந்தது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கொலைக்களத்தை விட்டு விலகி வந்தவன், வேள்விக்களத்தில் கொலை செய்தான். குருக்ஷேத்திரத்தில் விட்டு வந்ததாக எண்ணிய சினம் அவனுடனேயே நடந்து வந்திருந்தது. ஆயுதத்தைக்கூட அவன் எடுக்கவில்லை என்பதும் நினைக்கத் தக்கது. கர்மானுஷ்டானத்திற்குரிய தர்ப்பையே ஆயுதமாயிற்று. (ஜன்னலோர இருக்கைக்காகவும் ஸேவை வரிசையில் முந்துவதற்காகவும் யாத்திரிகர்கள் எழுப்பும் குரலைக் கேட்டவர்களுக்கு இக்கதை பழங்கதையாகத் தோன்றாது.)

அவதார சேஷ்டிதங்களில் குற்றம் காண்பது தகாது என்பர். அம்முனிவர்களும் அதையே சொன்னார்கள்: யோகேச்வரனாகிய உன்னை வேதமும் விதிக்காது, ஆயினும் நீயே மனமுவந்து ப்ராயச்சித்தம் செய்தால் உலகம் உன்னைப் பின்பற்றும் என்றார்கள். அவனும் இசைந்தான். ரோமஹர்ஷணரின் புதல்வரைத் தந்தையின் இடத்தில் வக்தாவாக அமர்த்தினான். பர்வ நாட்களில் வந்து யாகத்தைக் கெடுத்த பல்வலன் என்னும் அஸுரனை வதைத்தான். அதன் பிறகு, பன்னிரண்டு மாதங்கள் பாரத வர்ஷத்தை வலம் வந்து தீர்த்தமாடும்படி முனிவர்கள் விதித்ததை மேற்கொண்டான்.

இவ்வாறு ஒரே மனிதனின் ஒரே பயணத்தில் இரண்டு யாத்திரைகள் அமைந்துவிட்டன. முதலாவது வ்யாஜம், இரண்டாவது ப்ராயச்சித்தம். நதிகளும் வழியும் முன்போலவே இருந்தன. நடந்தவன் மட்டும் முன்போல இல்லை.

இரண்டாவது யாத்திரையின் வழியைப் படிப்பவர்கள் வியப்படைவார்கள். ஸரயூ, ப்ரயாகை, கண்டகி, கயை, கங்கை கடலில் கலக்கும் ஸங்கமம். மஹேந்திர மலையில் பரசுராம தர்சனம். பிறகு ஸப்த கோதாவரி, பம்பை, ஸ்ரீசைலம், வேங்கடம், காஞ்சி, காவேரி, ஸ்ரீரங்கம், ரிஷபாத்ரி என்னும் திருமாலிருஞ்சோலை, தென் மதுரை, ஸேது, தாமிரபர்ணி, கன்யாகுமரி. மேற்குக் கரையில் கேரளம், கோகர்ணம். அங்கிருந்து தாபீ, நர்மதை கடந்து மீண்டும் ப்ரபாஸம். தென்னாட்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் நைமிசாரண்யத்தை ஸேவிக்க 2,000 கிலோமீட்டருக்கும் மேல் வண்டியில் செல்கிறார்கள். அந்த நைமிசாரண்யத்தில் செய்த பாவத்தைக் கழிக்கப் பலராமன் தேடி வந்ததோ, இவர்கள் தினமும் குளிக்கும் காவேரி!

உத்தரப் பிரதேசத்தில் ஸீதாபூர் மாவட்டத்தில் உள்ள அந்த க்ஷேத்திரத்தில் வனமே எம்பெருமானாக ஸேவிக்கப்படுகிறது. சக்ர தீர்த்தத்தில் கால் நனைத்து, அரைமணி நேரத்தில் அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய பேருந்துப் பயணிக்கு அங்கே கர்ப்பக்ருஹம் எது என்ற ஐயம் எழுவது இயற்கை. திருமங்கையாழ்வார் அங்கே என்ன பாடினார் என்பதை அறிந்து செல்பவருக்கு அந்த ஐயம் எழாது. வேறு தலங்களில் சோலையையும் மாடத்தையும் விரித்துரைக்கும் ஆழ்வார், நைமிசாரண்யத்துப் பத்துப் பாசுரங்களில் தம் குற்றங்களை எடுத்துரைத்து நடுங்கிச் சரண் புகுகிறார். ஒருவன் குற்றம் செய்த காட்டில் ஒருவர் குற்றத்தை ஒப்புக் கொண்டார்.

அப்படியானால் சாக்குக்காகச் செய்யும் யாத்திரை வீண்தானா? இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறக் கூடாது. வ்யாஜம் என்னும் இச்சொல் ஸம்ப்ரதாயத்தில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. சேதனனைக் கைக்கொள்ள எம்பெருமான் ஒரு வ்யாஜத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்பது ஆசார்யர்களின் வார்த்தை. வழிப்போக்கில் ஒருவன் திவ்ய தேசத்தின் பெயரை வாயால் சொன்னான், தாகத்தால் வாடிய அடியார் ஒருவருக்கு அறியாமலே நிழல் தந்தான் என்ற அளவையே அவனுடைய ஸுக்ருதமாக எழுதிக் கொள்கிறான் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் காட்டியருளினார். வீட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடும் பெரியப்பாவும் ‘பத்ரிக்கு வழி எது’ என்று பத்துப் பேரிடம் கேட்டிருப்பார் அன்றோ! அவருடைய சாக்கு ஒன்று; எம்பெருமானின் சாக்கு வேறு. ஆனால் பின்னதை நம்பி முன்னதைச் செய்வது நேர்மையன்று. கடன் கொடுத்தவன் இரக்கமுள்ளவன் என்பதால் கடனை மறுக்கலாமோ?

பலராமன் கடனை மறுக்கவில்லை. ஓராண்டு முடிந்து ப்ரபாஸத்திற்குத் திரும்பியபோது, யுத்தத்தில் அரசர்கள் மடிந்த செய்தியை அந்தணர்கள் சொல்லக் கேட்டான். பீமனும் துர்யோதனனும் கதையேந்தி நிற்பதை அறிந்து, இம்முறை விலகிப் போகாமல், குருக்ஷேத்திரத்திற்கே சென்றான். இருவரும் வீரத்தில் ஒத்தவர்கள், ஒருவன் வலிமையில் மிக்கவன், மற்றவன் பயிற்சியில் மிக்கவன், போரை நிறுத்துங்கள் என்றான். அவர்கள் கேட்கவில்லை. பழைய வசவுகளும் பழைய தீங்குகளும் அவர்கள் நெஞ்சை நிறைத்திருந்தன. ஓராண்டுக்கு முன் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பதைப் பாகவதம் கூறவில்லை. விதி என்று கொண்டு அவன் த்வாரகைக்குப் போனான்.

பின்னர் ஒரு முறை அவன் மீண்டும் நைமிசாரண்யம் சென்றான். அதே முனிவர்கள் அவனை யஜமானனாக்கி வேள்விகள் செய்வித்தார்கள். வேள்வியின் முடிவில், பத்தினியோடும் சுற்றத்தாரோடும் அவப்ருத ஸ்நானம் செய்தான்.