யார்கிட்ட சான்று கேக்கிறது?

புதுச்சேரியில் சேரிப் பிள்ளையாகப் பிறந்தவருக்குச் சான்று என்ற சொல் அவ்வளவு நல்ல சொல் இல்லை. 1964-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, பூர்வீகத் தலித் என்றும் குடியேறிய தலித் என்றும் நம்மை ரெண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கப்பா எந்த ஊரு, உங்க தாத்தா எப்ப இந்த ஊருக்கு வந்தாரு, அதுக்குக் காகிதம் எங்கே என்று கேட்டுக்கேட்டுச் செருப்பைத் தேய வைக்கிறார்கள். கேட்கிறவர் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம். காட்டுகிறவர்கள் எப்போதும் இந்தப் பக்கம். அது நாம்தான்.

இங்கே நான் பேச வந்தது வேறொரு சான்றைப் பற்றி. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, இந்த வைத்தியம் பார்க்கலாமா அந்த வைத்தியம் பார்க்கலாமா என்று அலைகிற அம்மா அப்பாக்களைப் பற்றி. நிரூபணம் ஆகாத ஒரு மருந்துக்குப் பிள்ளையின் உடம்பைக் கொடுக்கலாமா? வேறு வழி தெரியாத தாயைப் பார்த்துக் கொடுக்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ரெண்டு கேள்வியுமே நியாயமானவை. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது.

நெல்லித்தோப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர் மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு கிடைத்த கூலிக்குப் போகிறார். பையனுக்கு ஏழு வயசு. பேச்சு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அக்கா என்னிடம் கேட்டது இது: "டாக்டரு இதுக்கு மருந்தே இல்லன்றாரு. மருந்து கீதுன்னு சொல்றவங்ககிட்டதான நான் போவேன்? சும்மா உக்காந்துகினு எம்புள்ளயப் பாத்துகினே இருக்கச் சொல்றியா?"

இதற்குப் பதில் சொல்லாமல் மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போவது நம்மில் படித்தவர்களுக்குச் சுலபம். ஆனால் அவர் கேட்டது அறிவுள்ள கேள்வி. ஒரு பக்கம் கதவைச் சாத்தினால் மனுஷன் இன்னொரு கதவைத் தட்டத்தான் செய்வான்.

அவர் தட்டிய கதவுகளைக் கணக்குப் பார்த்தேன். நாக்கில் வசம்பு உரசிப் போட்டது. வல்லாரைச் சாறு. மந்திரித்த கயிறு. வில்லியனூர் மாதா கோயிலில் வேண்டுதல். பேர் தெரியாத ஒரு செந்தூரம். கோதுமையும் பாலும் தொடக்கூடாது என்ற பத்தியம். கடைசியில் யாரோ சொல்லி, ஸ்டெம் செல் ஊசி போடுகிற இடத்தில் விசாரித்திருக்கிறார். தொகை லட்சத்தில் சொன்னார்கள். தாலியை வித்தாலும் பத்தாது என்று திரும்பி வந்துவிட்டார். காசு இல்லாததுதான் அந்தப் பிள்ளையை அந்த ஊசியிலிருந்து காப்பாற்றியது.

இதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். பாலை நிறுத்தினால் அது வேறு கதை. ஏற்கெனவே ரெண்டு மூன்று பண்டம் மட்டுமே தின்கிற பிள்ளைக்கு அதில் ஒன்றும் போய்விடும். உடம்புக்குள் இறங்குகிற மருந்து அதற்கும் மேலே. அமெரிக்காவில் இதே நோக்கத்துக்காக, ரத்தத்திலிருந்து பாதரசத்தை எடுக்கிறோம் என்று சொல்லி, செலேஷன் என்ற மருந்தை ஏற்றினார்கள். 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையன் அதிலேயே செத்தான். ரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கி இதயம் நின்றுபோனது. துணி வெளுக்கிற ரசாயனமான குளோரின் டையாக்சைடை அற்புத மருந்து என்று பிள்ளைகள் வாயில் ஊற்றியவர்களும் உண்டு. அது கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2010-இலும் 2019-இலும் எச்சரிக்க வேண்டி வந்தது. ஒரு கூட்டம் பாதரசத்தை எடுத்தால் குணமாகும் என்கிறது. இன்னொரு கூட்டம் பாதரசம் சேர்ந்த செந்தூரத்தைக் கொடுத்தால் குணமாகும் என்கிறது. பிள்ளையின் உடம்பு ஒன்றுதான்.

"இங்கிலீஷ் வைத்தியம் மட்டும் யோக்கியமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932-இலிருந்து 1972 வரைக்கும், கிரந்தி நோய் கண்ட சுமார் 400 கறுப்பு மக்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்க டாக்டர்களே வேடிக்கை பார்த்தார்கள். நம்ம நாட்டில் 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிப் பெண் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். அது ஏற்கெனவே சோதித்து அனுமதி பெற்ற ஊசிதான். ஆனால் பெற்றவர்களைக் கேட்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 2013-இல் பாராளுமன்றக் குழு இதைக் கண்டித்தது. ஆக, வெள்ளைக் கோட்டுக்காரர் மேல் நமக்குள்ள சந்தேகம் அறியாமையால் வந்ததல்ல. வரலாற்றால் வந்தது.

நம்ம ஊருக்கு நெருக்கமான இன்னொன்றையும் சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்கள் பலருக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே போனால் பிள்ளைக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று ஏங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பிரான்சில் என்ன செய்தார்கள்? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை, குளிர்ந்த ஈரத் துணியில் கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். பாக்கிங் என்று அதற்குப் பேர். பெரிய டாக்டர்கள்தான் செய்தார்கள். சான்று? இல்லை. 2012-இல் அந்நாட்டுச் சுகாதார உயர் ஆணையம் அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இது கூடாது என்றது. 2016-இல் அரசே நிறுத்தச் சொன்னது. ஆதாரமில்லாத வைத்தியம் மரத்தடியிலும் இருக்கிறது, பாரீஸ் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. வைத்தியர் எந்தத் தோல், எந்த மொழி, எந்தப் பட்டம் என்று பார்த்து நம்புவதும் ஒருவகைச் சாதி பார்ப்பதுதான்.

நாட்டு வைத்தியம் நம்முடைய சொத்து, அதைப் போய்ச் சோதனை செய்யச் சொல்லலாமா என்ற பேச்சும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர்தான். மருத்துவச்சியாக ஊருக்கெல்லாம் பிள்ளை பெற வைத்தவர்களில் நம்ம பாட்டிகளும் இருந்தார்கள். அந்த அறிவைத் திருடியவர்களும் இழித்தவர்களும் உண்டு என்பது நிஜம். ஆனால் அதே பண்டிதர்தான், காலங்காலமாகச் சொல்லப்பட்ட கதை என்பதற்காக எதையும் ஏற்காமல், ஒவ்வொரு கதையையும் பண்டிகையையும் பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்டார். அவர் தழுவிய பௌத்தத்தில், பரம்பரையாக வந்தது என்பதாலோ குரு சொன்னார் என்பதாலோ ஒன்றை ஏற்க வேண்டாம் என்று புத்தர் காலாமர்களுக்குச் சொன்ன போதனை இருக்கிறது. ஆயிரம் வருஷமாக இருக்கிறது என்பதே ஒன்றுக்குச் சான்றாகுமென்றால், தீண்டாமைக்கு அதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

சரி, சான்று என்றால் என்ன? ஒரு நடந்த கதை. 1998-இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற குடல் சுரப்பு மருந்தைப் போட்டதும் ஆட்டிசப் பிள்ளைகள் பேசினார்கள், கண் பார்த்தார்கள் என்று செய்தி பரவியது. பெற்றவர்கள் முண்டியடித்தார்கள். 1999-இல் 60 பிள்ளைகளைச் சேர்த்துச் சோதனை வைத்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றவர்களுக்கும் தெரியாது, பிள்ளையைக் கவனித்துக் குறித்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் முன்னேற்றம் தெரிந்தது. உப்புத் தண்ணீரைவிட மருந்து ஒரு படிகூட மேலே போகவில்லை.

ஏன் அப்படி? பிள்ளை சும்மாவே வளர்கிறது. இன்றைக்குச் சொல்லாத சொல்லை ஆறு மாசம் கழித்துச் சொல்லும். அந்த நேரத்தில் எந்த மருந்து கையில் இருக்கிறதோ அதற்குப் பேர் போய்விடும். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குச் சின்ன அசைவும் பெரிசாகத் தெரியும். இது தாயின் முட்டாள்தனம் அல்ல, பாசம் வேலை செய்கிற விதம். அதனால்தான் பாசம் இல்லாத ஒரு கணக்கு பக்கத்தில் தேவைப்படுகிறது. இன்னொன்றையும் கேளுங்கள். முடிவைச் சொன்ன பிறகும், அந்தப் பெற்றோர்களில் 69 சதவீதம் பேர் எங்கள் பிள்ளைக்கு அந்த மருந்தில் இன்னும் விருப்பம் இருக்கிறது என்றார்கள். படிப்பும் பணமும் மிகுந்த நாட்டில்! அப்புறம் நெல்லித்தோப்பு அக்காவைப் பார்த்து யார் சிரிப்பது?

நிரூபிக்காத வைத்தியம் என்பது உண்மையில் ஒரு சோதனைதான். ஆனால் முறையான சோதனையில் கணக்கு எழுதுவார்கள், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள், கெடுதல் வந்தால் நிறுத்துவார்கள், காசு கேட்க மாட்டார்கள். இவர்கள் கணக்கும் எழுதுவதில்லை, காசும் நம்மிடமே வாங்குகிறார்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை வைத்தியமாக விற்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் சொன்னது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022 டிசம்பரில் சொன்னது. லட்சத்தில் தொகை சொன்ன இடத்தில் இதைச் சொல்லவே இல்லை.

இதுவரைக்கும் பெற்றவர்களைப் பற்றியே பேசினோம். அந்தப் பையன்? பேச்சில்லாத பிள்ளை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று வாயால் சொல்ல முடியாது. கத்தும், தலையை முட்டும். அதையும் நோயின் அறிகுறி என்று எழுதிக்கொள்வார்கள். என் பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது பாசத்தில் சரி. உரிமையில் சரியா? என் ஆள், என் இஷ்டம் என்று ஆண்டை சொன்னதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். நம்ம உடம்பின் மேல் நம்மைக் கேட்காமல் அடுத்தவன் முடிவெடுப்பது என்னவென்று நமக்குத் தெரியும். அது தெரிந்தவர்களுக்குப் பேசாத பிள்ளையின் உடம்பும் யாருடைய சொத்தும் அல்ல என்பது மற்றவர்களைவிட முன்னால் புரிய வேண்டும். பெற்றவர்கள் அந்த உடம்புக்குக் காவல், சொந்தக்காரர்கள் அல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. "முன் ஜென்மத்துப் பாவம், அதான் இப்படிப் பொறந்திருக்கு" என்று அந்த அக்காவின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். இதே வினைக் கணக்கைச் சொல்லித்தான் நம்மைச் சேரியில் வைத்தார்கள். சேரிக்குப் பொய்யான வினை, பிள்ளைக்கு மட்டும் நிஜமாகிவிடுமா? மேல்நாட்டில் வினை இல்லை. அதற்குப் பதில் தாயைப் பிடித்தார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம், தாயின் பாசம் குளிர்ந்ததால் பிள்ளை இப்படி ஆனது என்ற கருத்தைப் பரப்பியது. அது பொய் என்று ஆவதற்குள் எத்தனை பெண்கள் தங்களையே வெறுத்திருப்பார்கள்! பாதிப் பரிகாரங்களுக்குப் பின்னால் இந்தக் குற்ற உணர்ச்சிதான் இருக்கிறது. அதை இறக்கி வைத்தாலே பாதி மருந்துக் கடைகள் காலி.

எல்லாரையும் போல ஆக்கணும் என்ற ஆசையையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். 1881-இல் இந்த ஊரில், சொந்தச் சட்டத்தையும் பழைய பேரையும் துறந்து பிரெஞ்சுப் பேர் வைத்துக்கொண்டால் சமமாவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதில் நம்ம மக்களும் உண்டு. 1884-இல் வாக்காளர் பட்டியல் போட்டபோது வெள்ளைக்காரருக்கு ஒன்று, இவர்களுக்கு வேறொன்று என்று பிரித்துத்தான் வைத்தார்கள். நீ மாறி வா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறவர்கள், மாறி வந்தாலும் சேர்ப்பதில்லை. அந்தப் பையன் கைகளை ஆட்டுகிறான் என்றால் ஆட்டட்டும். அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைப் படத்தைக் காட்டியாவது சொல்லக் கற்றுக்கொடுப்பது வேறு விஷயம். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைக்கான பயிற்சி, பொறுமையாகச் சொல்லித் தருகிற பள்ளி ஆகியவை பிள்ளையின் வாழ்க்கையை லேசாக்குகின்றன. மெதுவாக, பெரிய அற்புதம் எதுவும் இல்லாமல்.

அதெல்லாம் எங்கே கிடைக்கிறது? 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அதன் கீழ் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கிறது. 2016-இன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை என்கிறது. சட்டம் தாளில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குப் போக வர ரெண்டு பஸ், ஒரு நாள் கூலி போகும். மருந்து இல்லை என்று ரெண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்பாமல், என்ன செய்யலாம் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் செந்தூரக்காரர் நாற்காலி போடுகிறார். அவர் உட்காரச் சொல்கிறார், முழுசாகக் கேட்கிறார். அந்த அக்கா காசு கொடுத்தது மருந்துக்கு மட்டும் இல்லை.

ஆகவே போகாதே என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா என்றால், கூடப் போகிறவருக்கு மட்டும்தான் இருக்கிறது என்பேன். கூடப் போங்கள். போய் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேளுங்கள். இதில் என்ன சேர்ந்திருக்கிறது? எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்குக் கெடுதல் வந்தது, எழுதி வைத்திருக்கிறீர்களா? குணமாகவில்லை என்றால் எப்போது நிறுத்துவீர்கள்? உங்கள் பிள்ளைக்கு இதைக் கொடுப்பீர்களா? பெரிய ஆஸ்பத்திரியிலும் இதையே கேளுங்கள். அரசாங்கத்திடம் கூடுதலாக ஒன்று: சட்டத்தில் எழுதியது எங்கே?

கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். இத்தனை காலம் சான்று காட்டியே நின்ற சனங்களுக்கு, ஒருமுறை சான்று கேட்கவும் தெரியட்டும்.