அண்டை வீட்டு முதுமை

காசியாத்திரையை நிறைவு செய்ய இராமேசுவரத்துக்கு விரையும் பக்தர்கள், பாம்பனைத் தாண்டியதும் திரும்பியும் பாராமல் கடந்துபோகும் அக்காள்மடம் போன்ற கடலோரச் சிற்றூரில், வலை இழுக்கும் வலுவிழந்து திண்ணையோடு ஒடுங்கிவிட்ட ஒரு முதியவருக்கு அடுத்த வீட்டார் குடும்பமாகச் சேர்ந்து செய்யும் பணிவிடை புண்ணியமா, கடமையா?

2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளையும், சொத்துக்கு உரிமை பெறும் உறவினரையும் கட்டுப்படுத்துகிறதேயன்றி, அண்டை வீட்டாரைக் கட்டுப்படுத்துவதில்லை. கிருகஸ்தன் பேண வேண்டியவர்களாகப் பிதிரர், தேவர், அதிதி, சுற்றத்தார், தான் என ஐவரை எண்ணிய வள்ளுவரும் அண்டை வீட்டானைத் தனியே குறிக்கவில்லை. ஆயினும் ஊரார்க்கு உதவி வாழும் ஒப்புரவுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதைத் துறவறவியலில் சேர்க்காமல் இல்லறவியலிலேயே அவர் வைத்ததை நான் தற்செயலென்று கருதவில்லை.

தனி ஒருவர் வந்து உதவினால், வாங்குபவர் மனம் எப்படியும் சற்றுக் கூசத்தான் செய்யும். தாய் கஞ்சி வடித்துக் கொடுக்க, தகப்பன் பிடித்து வந்த மீனில் ஒரு கூறு ஒதுக்க, தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்த சிறுவன் அங்கேயே அமர்ந்து, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்கும்போதோ, அந்தக் கிழவர் யாசகர் அல்லர், கொடுப்பவர். வித்தியாதானம் அன்றோ அது! இராமேசுவரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடியவர் பெறும் புண்ணியத்துக்கு இந்தப் பணிவிடை குறைந்ததென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.